கடந்த உடலும் கடவாத சொல்லும்: ஸ்ரீதேவியின் தொடக்ககால இந்தித் திரைவாழ்வில் ஏற்றமும் இறக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி (1963–2018) தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் நடித்தவர். அவருடைய இந்தித் திரைவாழ்வின் தொடக்கம் 1979இல் தோல்வியாகவும் 1983இல் பெருவெற்றியாகவும் அமைந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை நல்லூழ், கவர்ச்சி, சந்தை ஆகியவற்றால் மட்டும் விளக்குவதே பெருவழக்கு. ஒரே கதைகள் மொழிவிட்டு மொழி மறுஆக்கம் பெற்றபோது எவை கடந்துசென்றன, எவை கடவாமல் நின்றன என்னும் வினாவின் வழி இதனை மீள நோக்குகிறது இக்கட்டுரை. இந்தித் திரை முதலில் ஏற்றது அவருடைய நடிப்பில் சொல்லைச் சாராத பகுதியையே என்பதும், சொல்லையும் அங்கு நிலைநாட்ட அவருக்கு மேலும் ஆறாண்டுகள் தேவைப்பட்டன என்பதும், இம்மாற்றத்தில் கதைமாந்தரின் ஊர்சார் அடையாளமே பெரிதும் இழக்கப்பட்டது என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: ஸ்ரீதேவி, மறுஆக்கம், பின்னணிக் குரல், குழந்தை நடிகர், வட்டார வழக்கு, தமிழ்த் திரை, இந்தித் திரை.

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்கள் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களால் இந்தியா முழுதும் அறியப்பட்டவை. இவ்வட்டாரத்தின் தொழில்முறையில் ஒரு நுட்பம் உண்டு. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியில் படம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனடியில் உள்ள எழுத்து மட்டும் செல்லும் மாநிலத்திற்கேற்ப மாறும். படம் எல்லை கடக்கும். சொல்லை ஒவ்வோர் எல்லையிலும் புதிதாக அடிக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் பிறந்த ஒரு நடிகையின் திரைவாழ்வை விளங்கிக்கொள்ளவும் இந்த உண்மை உதவுகிறது.

ஸ்ரீதேவி 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் மீனம்பட்டியில் பிறந்தார். தந்தை ஐயப்பன் வழக்கறிஞர். 1969இல் குழந்தை நடிகராகத் திரையில் தோன்றினார். 1970களின் பிற்பகுதியில் தமிழிலும் தெலுங்கிலும் முன்னணிக் கதைத்தலைவியானார். 1980களின் நடுவில் இந்தித் திரையின் முதல்நிலை நடிகையாக மதிக்கப்பட்டார். 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2018 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். அவ்வாண்டிலேயே 'மாம்' படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருடைய மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது.

இவ்வாழ்வைப் பற்றி இருவகைக் கதையாடல்கள் நிலவுகின்றன. இந்தித் திரையெழுத்து அவருடைய வாழ்வைப் பெரும்பாலும் 1983இல் தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட பதினான்கு ஆண்டுகள் 'தென்னகப் படங்கள்' என்னும் ஒரு சொற்றொடருக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழ்த் திரையெழுத்தோ 1982இல் 'மூன்றாம் பிறை'யோடு அவரை ஏறத்தாழ முடித்துவிடுகிறது. பின்னர் நிகழ்ந்தவை, கலையிலிருந்து கவர்ச்சிக்கு நேர்ந்த சரிவாகக் கொள்ளப்படுகின்றன. முதலாவது கதையாடல் ஏற்றத்தை மட்டும் காண்கிறது. இரண்டாவது இறக்கத்தை மட்டும். இரண்டுமே ஒருவரை இருவராகப் பிரித்துவிடுகின்றன. அவ்விரு பாதிகளையும் இணைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தொடக்கத்திற்கு முன்னைய தொடக்கம்

சாண்டோ சின்னப்பா தேவரின் தயாரிப்பில் எம். ஏ. திருமுகம் இயக்கிய 'துணைவன்' (1969) படத்தில் ஸ்ரீதேவி குழந்தை முருகனாக நடித்தார். அதே ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த 'நம் நாடு', 1971இல் சிவாஜி கணேசன் நடித்த 'பாபு' ஆகியவற்றிலும் தோன்றினார். 1971இல் வெளிவந்த 'பூம்பாட்டா' என்னும் மலையாளப் படத்திற்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நடிகர் விருதைப் பெற்றார். எனவே, எட்டு வயதிற்குள் தாய்மொழி அல்லாத ஒரு மொழியிலும் அவருடைய நடிப்பு அறிந்தேற்பைப் பெற்றிருந்தது.

இந்தித் திரையில் அவர் முதலில் தோன்றியதும் குழந்தையாகவே. 'ராணி மேரா நாம்' (1972) படத்தில் குழந்தை நடிகராக வந்தார். கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'ஜூலி' (1975) படத்தில் கதைத்தலைவியின் தங்கையாக நடித்தார். 'ஜூலி' மலையாளச் 'சட்டக்காரி'யின் (1974) மறுஆக்கம். இரண்டிலும் தலைமைப் பாத்திரத்தை ஏற்ற லட்சுமி, இந்திப் படத்திற்காகப் பிலிம்பேர் விருதும் பெற்றார். அவ்வெற்றிக்குப் பின்னும் லட்சுமியின் திரைவாழ்வு தென்மொழிகளிலேயே மையங்கொண்டது. ஓர் இந்தி வெற்றி தென்னக நடிகைக்கு இந்தி வாழ்வை உறுதிசெய்துவிடுவதில்லை என்பதற்கு அப்படத்திலேயே ஸ்ரீதேவியின் அருகில் ஒரு சான்று இருந்தது.

இங்குக் குழந்தைப் பருவ உழைப்பு பற்றிய ஒரு குறிப்பு இன்றியமையாதது. சிவகாசி வட்டாரம் குழந்தைத் தொழிலாளர் பற்றிய இந்தியச் சட்ட வரலாற்றில் மையமான இடம் பெற்றது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டதையொட்டி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு பலராலும் அறியப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காட்சி ஊடகக் கலைஞராகப் பணியாற்றும் குழந்தைகளுக்கு விலக்களித்தது. தீப்பெட்டி அடுக்கும் குழந்தையைச் சட்டம் தொழிலாளியாகக் கண்டது. ஒளிப்படக் கருவியின் முன் நிற்கும் குழந்தையைக் கலைஞராகக் கண்டது. இரு பணிகளின் இடரும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டும் உழைப்பே. ஸ்ரீதேவியின் 'தொடக்ககாலம்' என்று நாம் சொல்லும் 1979இல் அவர் பத்தாண்டு உழைப்பை நிறைவுசெய்திருந்தார் என்பதை இவ்வேறுபாட்டோடு சேர்த்து நினைத்தல் வேண்டும். முதல் இந்தித் தோல்வி நேர்ந்தபோது அவர் புதுமுகம் அல்லர். அவருக்கு அப்போது வயது பதினைந்து அல்லது பதினாறு.

3. மயில்: மூன்று மொழிகளில் ஒரு பெண்

கே. பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' (1976) வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்குப் பதின்மூன்று வயது. தன் காதலன் நீரில் மூழ்கியபோது காப்பாற்றாமல் இருந்தவனின் தந்தையை மணந்து, அவனுக்குத் தாய்முறையாகி நிற்கும் பெண்ணாக அதில் நடித்தார். பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் இப்பாத்திரம் ஒப்படைக்கப்பட்டது இன்று நம்மை உறுத்த வேண்டிய செய்தி. அந்த உறுத்தலோடேயே அந்நடிப்பின் தன்மையையும் கவனிக்க வேண்டும். பழிவாங்கும் பெண்ணுக்குரிய உரத்த வசனமுறையை அவர் மேற்கொள்ளவில்லை. நிலைத்த பார்வையும் அளந்த சொல்லும் கொண்டு அப்பாத்திரத்தின் அதிகாரத்தை நிறுவினார்.

பாரதிராஜாவின் முதற்படமான '16 வயதினிலே' 1977 செப்டம்பர் 15இல் வெளிவந்தது. படிப்பின் மீதும் நகரத்தின் மீதும் நாட்டம் கொண்ட கிராமத்துப் பெண் மயில். அவளை ஏமாற்றிச் செல்லும் கால்நடை மருத்துவர். அவளுக்கு உண்மையாக நிற்கும் சப்பாணி. ஊர் வம்பன் பரட்டை. இப்படத்தின் உள்ளோட்டம் பெயரிடுதல் பற்றியது. சப்பாணி என்பது ஊனத்தைச் சுட்டும் இழிபெயர். கோபாலகிருஷ்ணன் என்பது அவன் இயற்பெயர். அவனை இழித்துரைப்பவரை அறையச் சொல்லும் மயில், ஊர் மறுத்த பெயரை அவனுக்கு மீட்டளிக்கிறாள். மயிலின் மாற்றமும் சொல்வழியே நிகழ்கிறது. ஊர்ப்பேச்சைவிட உயர்ந்ததாகத் தான் நம்பிய படித்தவர் பேச்சினால் ஏமாந்து, தான் இகழ்ந்த பேச்சுக்குரியவனிடம் அவள் திரும்பி வருகிறாள். பேச்சு வழக்கின் படிநிலையே இக்கதையின் அச்சாணி எனலாம்.

அடுத்த ஆண்டே கே. ராகவேந்திர ராவ் இயக்கத்தில் 'பதஹாரேள்ள வயசு' (1978) என்னும் பெயரில் இக்கதை தெலுங்கில் வந்தது. கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்தைச் சந்திரமோகன் ஏற்றார், ஸ்ரீதேவியே கதைத்தலைவி. படம் வெற்றி பெற்றது. இந்தியில் பாரதிராஜாவே 'சோல்வா சாவன்' (1979) என எடுத்தார். சப்பாணியின் இடத்தில் அமோல் பாலேகரும் பரட்டையின் இடத்தில் குல்பூஷண் கர்பந்தாவும் நடித்தனர். இளையராஜாவின் இடத்தில் ஜெய்தேவ் இசையமைத்தார். மயிலாக ஸ்ரீதேவியே தொடர்ந்தார். படம் தோல்வியுற்றது.

கதை ஒன்று; கதைத்தலைவி ஒருவர்; தமிழ்ப் படத்திற்கும் இந்திப் படத்திற்கும் இயக்குநரும் ஒருவரே. எனவே, தோல்விக்கான காரணத்தை நடிகையின் திறனில் தேடுவதற்கு முன் மாறியவை எவை என்று காண வேண்டும். முதலாவது, நடிகர் வழியாக வரும் சமூகக் குறிப்பு. 'ரஜ்னிகந்தா' (1974), 'சோட்டி சி பாத்' (1976) போன்ற படங்களால் பம்பாய் நடுத்தர வர்க்க இளைஞனின் உருவமாகவே பாலேகர் அறியப்பட்டிருந்தார். படித்தவன் ஏமாற்றுகிறான், படிக்காதவன் காக்கிறான் என்னும் கதையில், காப்பவனின் முகமே படித்த நகரத்தானின் முகமாகத் தெரிந்தது. இரண்டாவது, பேச்சு. தமிழில் மயிலுக்கும் சப்பாணிக்கும் மருத்துவருக்கும் இடையே பேச்சு வழக்கு வரைந்த கோடுகள் இந்தியில் அதே கூர்மையோடு விழுவதற்கு, அந்தக் கிராமம் இந்தி பேசும் நிலப்பரப்பில் ஓர் இடமாக உணரப்பட வேண்டும். தெலுங்குப் படத்திற்கு அவ்விடம் எளிதில் கிட்டியது. ஆந்திரக் கிராமமும் தமிழகக் கிராமமும் உறவுமுறையிலும் சாதியமைப்பிலும் பேச்சின் படிநிலையிலும் அண்டை நிலங்கள். இந்தியில் மயிலின் முகம் சென்று சேர்ந்தது. அவளுடைய ஊர் சென்று சேரவில்லை.

பாரதிராஜாவின் அடுத்த இந்தி மறுஆக்கம் இதை வேறு வகையில் உறுதிசெய்கிறது. ஸ்ரீதேவி நடித்த 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) இந்தியில் 'ரெட் ரோஸ்' (1980) ஆனபோது ராஜேஷ் கன்னாவும் பூனம் தில்லானும் நடித்தனர். கதை எல்லை கடந்தது. அக்கதையில் முதலில் நடித்தவர் கடக்கவில்லை. 1979க்கும் 1983க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இந்தித் திரைக்கு அவர் 'தோற்ற' ஆண்டுகள். தமிழிலோ இவை 'ஜானி' (1980), 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980), 'மீண்டும் கோகிலா' (1981), 'மூன்றாம் பிறை' (1982) என அவருடைய சிறந்த படங்கள் தொடர்ந்து வந்த ஆண்டுகள். ஒரே காலம் ஒரு மொழியில் இறக்கமாகவும் மற்றொரு மொழியில் உச்சமாகவும் எண்ணப்படுவது, ஏற்றம் இறக்கம் என்னும் சொற்கள் எந்த இடத்திலிருந்து சொல்லப்படுகின்றன என்று கேட்கத் தூண்டுகிறது.

4. சொல்தடையைக் கடந்த பிறர்

தென்னகத்திலிருந்து இந்திக்குச் சென்றவர்கள் சொல்தடையை எதிர்கொண்ட முறைகளோடு ஒப்பிடும்போது ஸ்ரீதேவியின் நிலை மேலும் தெளிவாகும். ஏ.வி.எம்.மின் 'வாழ்க்கை' (1949) இந்தியில் 'பஹார்' (1951) ஆனபோது வைஜயந்திமாலா அதன்வழியே அங்கு அறிமுகமானார். ஹேமமாலினி ராஜ் கபூருடன் நடித்த 'சப்னோன் கா சௌதாகர்' (1968) வழியே நுழைந்தார். இருவருக்கும் பரதநாட்டியப் பயிற்சி முதலீடாக அமைந்தது. சொல்லுக்கு முன்பே உடல் பேசும் என்னும் வழியை ஸ்ரீதேவிக்கு முன்பே இவர்கள் திறந்திருந்தனர்.

'சோல்வா சாவன்' வெளிவந்த அதே 1979இல் கே. விஸ்வநாத் தம் 'சிரி சிரி முவ்வா' (1976) என்னும் தெலுங்குப் படத்தை இந்தியில் 'சர்கம்' என எடுத்தார். ஜெயப்பிரதாவே இரண்டிலும் கதைத்தலைவி. படம் பெரும் வெற்றி பெற்றது. கதைத்தலைவி வாய் பேச இயலாத நடனப்பெண் என்பது இங்குச் சுட்டத்தக்கது. பாத்திரத்தின் தன்மையே மொழிச்சிக்கலை நீக்கிவிட்டது. 1981இல் கே. பாலசந்தர் தம் 'மரோ சரித்ரா'வை (1978) 'ஏக் தூஜே கே லியே' என இந்தியாக்கியபோது எதிர்முனையைத் தேர்ந்தார். கமல்ஹாசனின் பாத்திரம் இந்தி அறியாத தமிழ் இளைஞன்; மொழியறியாமையே கதைப்பொருள். ஒரு படம் சொல்லை நீக்கியது. மற்றொன்று சொல்லின்மையையே கதையாக்கியது. இரண்டும் வென்றன. 'சோல்வா சாவன்' இவ்விரண்டில் எதனையும் செய்யவில்லை. தமிழ்ச் சொல்லையே உயிராகக் கொண்ட கதையை, சொல்தடை என ஒன்றே இல்லாததுபோல் அது கொண்டுசென்றது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அதன் தோல்வி ஒரு நடிகையின் தோல்வியாகத் தோன்றவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு முறையின் தோல்வியாகவே தோன்றுகிறது.

5. 1983: இரு படங்கள்

1983இல் ஸ்ரீதேவியின் இரு இந்திப் படங்கள் ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகளைக் கண்டன. கே. ராகவேந்திர ராவின் 'ஹிம்மத்வாலா', கிருஷ்ணாவும் ஜெயப்பிரதாவும் நடித்த தெலுங்கு 'ஊருக்கி மொனகாடு' (1981) படத்தின் மறுஆக்கம். ஜிதேந்திராவுடன் ஸ்ரீதேவி நடித்தார். பப்பி லஹரி இசையமைத்தார். அவ்வாண்டின் பெருவெற்றிப் படங்களுள் ஒன்றாக அது அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில் பாலுமகேந்திரா தம் 'மூன்றாம் பிறை'யைச் 'சத்மா' என இந்தியில் அளித்தார். கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் சில்க் ஸ்மிதாவும் தமிழில் ஏற்ற பாத்திரங்களையே ஏற்றனர், இளையராஜாவே இசையமைத்தார். வசூலில் அது தோற்றது. ஆயினும் கமல்ஹாசன், ஸ்ரீதேவி இருவரும் பிலிம்பேர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். பின்னாளில் அப்படம் பெரிதும் போற்றப்பட்டது.

'ஹிம்மத்வாலா'வில் ஸ்ரீதேவியின் பாத்திரம் செல்வச் செருக்குடைய நிலக்கிழாரின் மகள். ஊர் என ஒன்று படத்தில் உண்டு. அது எந்த ஊரும் ஆகலாம். பாடற்காட்சிகளில் அடுக்கிய பானைகளும் பளிச்சிடும் ஆடைகளும் நிலத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. இப்பின்புலத்தில் கதைத்தலைவியிடம் எதிர்பார்க்கப்படுவன தாளத்திற்கு இசைந்த அசைவும் நொடிக்கு நொடி மாறும் முகபாவமும். பத்தாண்டுக்கும் மேலாகப் பல மொழிப் படங்களில் நடித்துத் தேர்ந்தவருக்கு இவை இயல்பாகக் கைவந்தன. அப்பாடற்காட்சிகளில் உடனாடுவோரின் அசைவு பெரிதும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க, ஸ்ரீதேவியின் கண்களும் புருவங்களும் தனியே ஒரு நகைச்சுவைக் குறிப்புரையை நிகழ்த்துவதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். படம் கோரியது கவர்ச்சி. அவர் அளித்ததில் கவர்ச்சியும் இருந்தது. அக்கவர்ச்சியைச் சற்றே விலகி நின்று பார்த்துச் சிரிக்கும் நடிப்பும் இருந்தது.

'மூன்றாம் பிறை', 'சத்மா' இரண்டிலும் நினைவிழந்து குழந்தைநிலைக்குத் திரும்பிய பெண்ணாக அவர் நடித்தார். அப்பாத்திரத்தின் உயிர் மழலையில் உள்ளது. தாய்மொழி மழலை கேட்பவரிடம் எழுப்பும் நெருக்கத்தை மற்றொரு மொழியின் வசனம் எளிதில் எழுப்பிவிடாது. ஆனால், அப்படத்தின் இறுதி சொல்லைச் சாராதது. நினைவு மீண்ட பெண் தொடர்வண்டியில் புறப்படுகிறாள். தன்னைக் காத்தவன் குரங்குபோல் ஆடிக்காட்டி நினைவூட்ட முயல்வதை அயலானின் பித்து என்று எண்ணுகிறாள். '16 வயதினிலே' படத்திலும் தொடர்வண்டி நிலையமே சட்டகமாக அமைகிறது. அங்கு மயில் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள். ஓரிடத்தில் அறிந்து காத்திருக்கும் முகம். மற்றோரிடத்தில் அறியாது விலகும் முகம். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே நடிகை இவ்விரு முகங்களையும் மிகையின்றிக் காட்டியிருப்பது தமிழ்த் திரைநடிப்பில் அரிய இணை. 'சத்மா' காலம் கடந்து நிலைத்ததற்கு இச்சொல்லற்ற இறுதியும் முதன்மையான காரணம் எனக் கருதலாம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். 'சத்மா' தோற்றது மொழியால் அன்று. துயர முடிவாலும், இந்தித் திரையில் நிலைபெற்ற கதைத்தலைவன் இன்மையாலும் தோற்றது என்று கூறலாம். 'ஹிம்மத்வாலா' வென்றது ஜிதேந்திராவின் புகழாலும் அக்கால வணிகப்படச் சூழலாலும் என்றும் கூறலாம். இவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. ஒரு படத்தின் வசூலை ஒற்றைக் காரணத்தால் விளக்க இயலாது. எனினும், தனித்தனிப் படங்களை விடுத்து வரிசையை நோக்கினால் ஒரு போக்கு புலப்படுகிறது. 'தோஃபா' (1984) உள்ளிட்ட தெலுங்குவழி மறுஆக்கங்கள் தொடர்ந்து அவரை ஏற்றத்தில் வைத்தன. தமிழ்வழி வந்த, பேச்சும் நிலமும் செறிந்த கதைகள் அவரை இந்தித் திரையில் நிலைநிறுத்தவில்லை. சந்தை என்பது ஒரு காரணம் என்றால், அச்சந்தை எதனை வாங்கியது, எதனை வாங்க மறுத்தது என்பதும் ஆய்வுக்குரியதே.

6. இரவல் குரல்

வெற்றிக்குப் பின்னும் சொல் அவர்வசம் வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஸ்ரீதேவியின் சில இந்திப் படங்களில் அவருக்குக் குரல் கொடுத்தவர் நாஸ். இவர் 'பேபி நாஸ்' என்ற பெயரில் 'பூட் பாலிஷ்' (1954) படத்தில் நடித்து, 1955 கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்ற குழந்தை நடிகை. ஒரு மொழியின் முன்னாள் குழந்தை நடிகை, மற்றொரு மொழியிலிருந்து வந்த முன்னாள் குழந்தை நடிகைக்குக் குரலானார். கே. பாக்யராஜ் இயக்கிய 'ஆக்ரி ராஸ்தா' (1986) படத்தில் ரேகா குரல் கொடுத்தார். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் இவ்வமைப்பு தமிழ்த் திரையிலும் நன்கறிந்ததே. தமிழ் அறியாத நடிகைகளுக்குத் தமிழ்க் குரல் அளிப்பது இன்றும் தொடர்கிறது. ஆகவே, இதனை இந்தித் திரையின் குறையாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

இரவல் குரலின் காலத்திலேயே அவருடைய நகைச்சுவை வளர்ந்தது என்பது கவனத்திற்குரியது. சேகர் கபூரின் 'மிஸ்டர் இந்தியா' (1987) படத்தில் சாப்ளினாக வேடமிட்டு அவர் நடித்த காட்சி பேச்சற்ற திரைப்படக் காலத்தின் இலக்கணத்தில் அமைந்தது. குரல் தம்முடையதாக இல்லாத சூழலில், குரலே தேவைப்படாத கலையின் முன்னோடியை அவர் ஏற்று நடித்தார். இதனை அவர் திட்டமிட்டார் என்று கூறுவதற்கில்லை. ஆனால், சொல்தடை உடல்மொழியைக் கூர்மையாக்கியது என்று கொள்ள இடமுண்டு. முந்தைய ஆண்டு வெளிவந்த 'நாகினா'வின் வெற்றியிலும் கண்களும் உடலசைவுமே முதன்மை பெற்றன.

யஷ் சோப்ராவின் 'சாந்தினி' (1989) அவர் தம் சொந்தக் குரலில் பேசிய முதல் இந்திப் படமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அப்படத்தின் தலைப்புப் பாடலில் பாடவும் செய்தார். அதே ஆண்டு வெளிவந்த 'சால்பாஸ்' இரட்டை வேட நகைச்சுவைக்காகப் பிலிம்பேர் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். 'சோல்வா சாவன்' வந்து பத்தாண்டுகளுக்குப் பின்னும், 'ஹிம்மத்வாலா' வந்து ஆறாண்டுகளுக்குப் பின்னுமே முகமும் குரலும் இந்தித் திரையில் ஒருவராயின. அவ்வகையில் அவருடைய தொடக்ககாலம் 1983இல் முடியவில்லை, 1989இல்தான் முடிகிறது.

7. இழப்பு எது?

தமிழ்த் திரையெழுத்து கூறும் இழப்பு, கலையைக் கைவிட்டுக் கவர்ச்சியைத் தழுவியது என்பது. மேற்காட்டியவை அக்கூற்றை ஏற்பதற்குத் தடையாக உள்ளன. பாடற்காட்சியில் செயற்பட்ட முகநுட்பமும் 'மூன்று முடிச்சு'ச் செல்வியின் அமைதியில் செயற்பட்ட முகநுட்பமும் ஒரே பயிற்சியின் விளைச்சல்கள். ஆனால், இழப்பே இல்லை என்பதும் பொருந்தாது. இழக்கப்பட்டது ஊர். மயிலுக்கு ஓர் ஊர் உண்டு. அதன் வம்பும் பசியும் பேச்சும் அவளை உருவாக்குகின்றன. 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் தேவி தில்லியில் வாழும் தமிழ்ப்பெண். அவள் புலம்பெயர்ந்தவள் என்பதே அவளுடைய இடம். 1980களின் முற்பகுதியில் ஸ்ரீதேவி ஏற்ற இந்திப் பாத்திரங்களுள் பெரும்பாலானவற்றிற்குப் பெயர் உண்டு, செல்வம் உண்டு, பிறந்த மண் இல்லை. இந்தியா முழுதும் விரும்பப்படுவதற்குக் கொடுத்த விலை எங்கும் பிறவாத பெண்ணாக மாறுவதே என்றால், அவ்விலையைக் கேட்டது நடிகையின் விருப்பமா, மறுஆக்க முறையா என்று ஆராய வேண்டும். இங்கு நோக்கிய படவரிசை இரண்டாவதையே சுட்டுகிறது.

மீனம்பட்டியும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரு வரியாகவே எஞ்சுகிறது. பிறந்த ஊரின் பேச்சு வழக்கில் அவர் நடித்த பாத்திரம் என ஒன்றைத் தமிழ்த் திரையும் நிலைபெறச் செய்யவில்லை. '16 வயதினிலே' காட்டிய கிராமம் கரிசல் நிலத்தினது அன்று. அதன் காட்சிகளிற் பல கர்நாடகப் பகுதிகளில் படமாக்கப்பட்டவை. ஆகவே, ஊரிழப்பு இந்தி எல்லையில் மட்டும் நேர்ந்தது என்று தமிழர் கூறிக்கொள்வதும் முழு உண்மையாகாது. அது சென்னையிலேயே தொடங்கியது. பம்பாயில் முழுமை பெற்றது.

8. முடிவுரை

ஸ்ரீதேவியின் தொடக்ககால ஏற்ற இறக்கங்களை மறுஆக்கங்களின் ஒப்பீட்டில் வைத்துப் படிக்கும்போது மூன்று முடிவுகள் கிட்டுகின்றன. ஒன்று, 1979இன் தோல்வி நடிப்பின் தோல்வி அன்று. பேச்சின் படிநிலையை அச்சாகக் கொண்ட கதையை அப்பேச்சின்றிக் கடத்தியதன் தோல்வி. இரண்டு, 1983இன் வெற்றி அவருடைய நடிப்பில் சொல்லைச் சாராத பகுதியின் வெற்றி. அதனைக் கலையிலிருந்து நேர்ந்த சரிவாகக் கொள்வதைவிட மொழிபெயர்ப்பின் ஒரு வழியாகக் கொள்வதே பொருத்தம். மூன்று, அவ்வழியில் முகம் காக்கப்பட்டது, குரல் தாமதமாக மீட்கப்பட்டது, ஊர் மீட்கப்படவே இல்லை.

2012இல் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தின் வழி அவர் திரைக்கு மீண்டபோது ஏற்றது, ஆங்கிலம் அறியாததால் சொந்த வீட்டிலேயே சிறுமைக்குள்ளாகும் பெண்ணின் பாத்திரம். அப்படத்தைப் பலரும் ஒரு மீள்வருகையாகப் படித்துள்ளனர். மொழி தெரியாதவர் என்னும் பார்வையைத் தம் இளமையில் எதிர்கொண்ட ஒருவரின் நடிப்பாகவும் அதனைப் படிக்க முடியும். அவ்வாசிப்புக்கு அவருடைய தமிழ், தெலுங்கு, மலையாளப் படங்களையும் இந்திப் படங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பன்மொழித் திரையாய்வு வேண்டும். தமிழ்த் துறைகளில் திரையாய்வு பெரும்பாலும் தமிழ்ப் படங்களின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. ஒரே கதையின் பல மொழி வடிவங்களைக் காட்சிக்குக் காட்சி ஒப்பிடும் பயிற்சி, ஒப்பிலக்கியத்தில் நமக்குப் பழக்கமானதே. அதனைத் திரைக்கும் விரித்தால் ஸ்ரீதேவி மட்டுமன்றி, மொழியெல்லை கடந்து உழைத்த நடிகையர் பலருடைய வாழ்வும் வெற்றி தோல்விக் கணக்குக்கு அப்பால் விளக்கம் பெறும்.